வெயிலில் உழைப்பவருக்கு வைட்டமின் டி குறைவது ஏன்? – சிறுநீரக மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தகப்பனாருக்கு 62 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் நஞ்சையில் இன்றும் தாமே இறங்கிச் சாகுபடி பார்க்கிறார். இருபது வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வருடமாகச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.5, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 28, கால்சியம் 8.9, பாஸ்பரஸ் 4.6, வைட்டமின் டி 14, பாராதைராய்டு ஹார்மோன் 168 என்று வந்தது. பொழுது விடிந்தால் வயலில் நிற்கிற மனிதருக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும்? மருந்துக் கடையில் வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் பொடிப் பொட்டலம் கொடுத்தார்கள். நான்கு மாதமாகப் பாலில் கலந்து கொடுத்து வருகிறோம். தைராய்டும் கெட்டுவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறோம். — பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். பாராதைராய்டு என்பது தைராய்டு அன்று. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோருக்கு நான்காக, ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவில் இருக்கும் வேறு சுரப்பிகள் அவை. இருக்கும் இடத்தால் அந்தப் பெயர் வந்ததே தவிர, தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. மருத்துவ உலகம் இவற்றை அறிந்துகொண்டதே மிகத் தாமதமாகத்தான். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது 1850 வாக்கில் ரிச்சர்டு ஓவன் இந்தச் சுரப்பியைக் கண்டு குறித்து வைத்தார். மனித உடலில் இருப்பதை 1880-இல் விவரித்து எழுதியவர் இவார் சாண்ட்ஸ்ட்ராம் என்ற சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர். இரத்தத்தில் கால்சியம் ஒரு மயிரிழை குறைந்தாலும் அதைச் சில விநாடிகளில் உணர்ந்து ஹார்மோனைச் சுரந்து சரிசெய்வதே இவற்றின் பணி. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும். சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் தடுக்கும். மிகுதியான பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீரகத்தைத் தூண்டி வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் செய்யும்.

உங்கள் கேள்விக்கான விடை இந்தக் கடைசிப் பணியில்தான் இருக்கிறது. வைட்டமின் டி என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. வயலில் விளைந்த நெல்லுக்கும் இலையில் விழும் சோற்றுக்கும் உள்ள தூரம் அதற்குள் இருக்கிறது. வெயில் பட்டுத் தோலில் உண்டாவதும், பொட்டலத்தில் வருவதும் நெல். அது கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைந்து இரத்தத்தில் சேமிப்பாகச் சுற்றுகிறது. அதைக் குதிரில் கொட்டிய நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்து 14 என்று எழுதித் தந்தது இந்தக் குதிர் நெல்லைத்தான். அது அரிசியாக வேண்டுமானால் ஆலைக்குப் போக வேண்டும். அந்த ஆலை சிறுநீரகம். அங்கே நடக்கும் கடைசி மாற்றத்துக்குப் பிறகு கிடைக்கும் கால்சிட்ரியால்தான் குடலில் கால்சியத்தை உறிஞ்சச் செய்வதும், பாராதைராய்டு சுரப்பியைப் பார்த்து "போதும், நிறுத்து" என்று சொல்வதும்.

உங்கள் தகப்பனாருக்கு இரண்டு இடத்திலும் குறை இருக்கிறது. ஆலை கால்வாசித் திறனில்தான் ஓடுகிறது என்பதை இ.ஜி.எஃப்.ஆர். 28 என்ற எண் சொல்கிறது. அதோடு, சிறுநீரகம் நலிந்து பாஸ்பரஸ் உடம்பில் தங்கத் தொடங்கியதும், எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தை வற்புறுத்திப் பாஸ்பரஸை வெளியேற்ற வைக்கிறது. அதே கையோடு, கால்சிட்ரியால் தயாரிப்பையும் குறைத்துவிடுகிறது. குடல் வழியாக மேலும் பாஸ்பரஸ் உள்ளே வராமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இதனால்தான் இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு இன்னும் சரியாகத் தெரியும்போதே பாராதைராய்டு ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடுகிறது. உங்கள் தகப்பனாரின் பாஸ்பரஸ் 4.6 என்பது பெரிதாக மிஞ்சிய அளவு இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பதற்கு உடம்பு கொடுத்துக்கொண்டிருக்கும் விலைதான் அந்த 168.

இனி வெயில். நம் பக்கத்தில் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய், வெயில் ஏறுமுன் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் அந்த இளவெயிலில் மிகக் குறைவு. காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் அது வலுவாக விழுகிறது. காலை வெயிலில் நின்றால் வைட்டமின் டி சேரும் என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சிவேளையில் வரப்பில் நின்றாலும் தலையில் முண்டாசு, முழுக்கைச் சட்டை என்று உடம்பை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். கருத்த தோலில் உள்ள நிறமி அந்தக் கதிரைத் தடுக்கிறது. வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தித் திறனும் குறைகிறது. சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் வெளியேறுபவர்களுக்கு, வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதமும் சேர்ந்து போய்விடுகிறது. ஆகவே 14 என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. அதற்காக அவரை உச்சி வெயிலில் நிறுத்திவிடாதீர்கள். சித்திரை வெயிலில் உடம்பு நீர் வற்றினால் இருக்கும் சிறுநீரகத் திறனும் ஒரே நாளில் சரியக்கூடும். அவருக்கு மருந்தாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

குறை இருக்கும்போது வைட்டமின் டி கொடுப்பது சரிதான். வாரம் 60,000 யூனிட் என்பது வழக்கமாக எட்டு வாரம் வரை கொடுக்கும் அளவு. அதன் பிறகு இரத்தத்தில் அளந்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாதம் ஒன்று என்று குறைப்போம். நான்கு மாதம், அதாவது பதினாறு பதினேழு வாரம், அளக்காமலே கொடுத்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. அடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல், இந்த வாரமே வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் நான்கையும் பாருங்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும் பொருள். அளவு மீறினால் கால்சியம் ஏறும். ஏறிய கால்சியம் சிறுநீரகத்தையே தாக்கும். மூட்டு வலிக்கு என்று 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொண்டு, போன மாதம்தான் போட்டது என்பதை மறந்து மீண்டும் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாலில்தான் கலக்க வேண்டும் என்பதும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் பலன் உண்டு.

168 என்பதைக் குறைக்க உடனே தனி மருந்து வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். டயாலிசிஸுக்கு வராதவர்களுக்கு இந்த ஹார்மோன் எவ்வளவு இருந்தால் நல்லது என்று திட்டமான எண் எதுவும் வகுக்கப்படவில்லை. சிறுநீரக நோய்க்கான உலகளாவிய வழிகாட்டியான கே.டி.ஐ.ஜி.ஓ. 2017-இல் திருத்தப்பட்டபோது, கால்சிட்ரியாலையும் அதைப் போன்ற மருந்துகளையும் இந்த நிலையில் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், சிறுநீரக நோய் முற்றிய நான்காம், ஐந்தாம் நிலையில் ஹார்மோன் கடுமையாகவும் தொடர்ந்தும் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒதுக்கி வைக்கலாம் என்றும் சொன்னது. ஹார்மோனைக் குறைத்துக் காட்டிய மருந்து இதயத்துக்கு எதிர்பார்த்த நன்மையைத் தராமல், கால்சியத்தை மட்டும் ஏற்றியதை ஆய்வுகள் கண்டதே அதற்குக் காரணம். ஓரளவு உயர்வு, நலிந்த சிறுநீரகத்தை ஈடுகட்ட உடம்பு செய்யும் முயற்சி. அதை அடித்து உட்கார வைப்பது சிகிச்சை ஆகாது. வைட்டமின் டி குறை, பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி அளந்து, எண் எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பதே முறை.

கேள்வி: பத்து நாள் இடைவெளியில் இரண்டு ஆய்வுக்கூடங்களில் பாராதைராய்டு ஹார்மோன் பார்த்தேன். ஒன்றில் 212, மற்றொன்றில் 148. எதை நம்புவது? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு. ஹார்மோன் உடைந்து உண்டாகும் துண்டுகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டியவை. சிறுநீரகம் நலிந்தால் அவை இரத்தத்தில் தேங்கும். ஒரு கம்பெனியின் கிட் (பரிசோதனைக்கான மருந்துப் பெட்டி) அந்தத் துண்டுகளையும் சேர்த்து எண்ணும், இன்னொன்று குறைவாக எண்ணும். தவிர, நம் ஊர்களில் எடுக்கும் இரத்தம் சில சமயம் வெளியூருக்குப் பயணம் செய்து அளக்கப்படுகிறது. சரியான குழாயில் எடுத்துக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் வழியிலேயே அளவு குறைந்துவிடும். ஒரே ஆய்வுக்கூடம், ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். அது சில கிட்களில் இந்த ஹார்மோனைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, சில நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 55 வயது. மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். இரவெல்லாம் உடம்பு அரிக்கிறது. இடுப்பிலும் குதிகாலிலும் வலி. பாஸ்பரஸ் 7.1, கால்சியம் 9.2, பாராதைராய்டு ஹார்மோன் 890. செவலமர் மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். மறந்துவிடக் கூடாது என்று காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மூன்றையும் போட்டுக்கொள்வேன். குறையவே இல்லை. இப்போது சினாகால்செட் என்ற விலை கூடிய மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் போதாதா? அறுவை சிகிச்சை வரை போகுமா? — பாத்திரக் கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் வருந்தியது. ஒரு வருடமாகத் தவறாமல் சாப்பிட்ட மாத்திரை, சாப்பிட்ட நேரத்தால் வீணாகியிருக்கிறது. செவலமர் இரத்தத்தில் கலக்கும் மருந்து இல்லை. குடலில் உணவோடு உணவாகக் கிடந்து, உணவிலுள்ள பாஸ்பரஸைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதே அதன் வேலை. வெறும் வயிற்றில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? இலையில் உட்கார்ந்து முதல் கவளம் எடுக்கும்போது ஒன்று, அப்படியே மூன்று வேளையும். பெரிய சாப்பாடு எந்த வேளையோ, அந்த வேளைக்கு மாத்திரை கூட வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இதை மருந்துச் சீட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் வாயால் விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாளுக்கு 900 மில்லிகிராம் பாஸ்பரஸ் உணவில் வருகிறது என்று வைத்தால் வாரத்துக்கு 6,300. அதில் அறுபது விழுக்காடு உடம்பில் சேர்ந்தாலும் 3,800 ஆகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று வெளியேற்றுவது சுமார் 800 முதல் 1,000 மில்லிகிராம். வாரம் இரண்டு என்றால் 2,000-ஐத் தாண்டாது. மீதி எலும்பிலும் தோலிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் போய்ப் படிகிறது. அரிப்புக்கும் குழாய்கள் சுண்ணாம்பு பூசியது போல் இறுகுவதற்கும் இதில் பங்குண்டு. வாரம் மூன்றாவது டயாலிசிஸுக்கு வழி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் அட்டைக்கு எத்தனை அனுமதி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம்.

உணவில் எங்கே குறைப்பது என்பதில் நான் பலரோடு மாறுபடுகிறேன். பருப்பை நிறுத்து, மீனை நிறுத்து என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் மிக அவசியம்; கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். உளுந்திலும் பயற்றிலும் உள்ள பாஸ்பரஸ் பைட்டேட் என்ற வடிவத்தில் கட்டுண்டு கிடப்பதால் அதில் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை. ஆனால் கோலா பானங்களிலும், பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, பாக்கெட் தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்பு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அப்படியே ஏறிவிடும். உறையில் பாஸ்பேட் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அதை வாங்காமல் கீழே வைத்துவிடுங்கள். கும்பகோணத்துக்காரரிடம் காபியைப் பற்றிச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். தண்ணீர் கலக்காத பாலில் நாளுக்கு நான்கு டிகிரி காபி என்றால் அரை லிட்டர் பால். அதிலேயே கிட்டத்தட்ட 500 மில்லிகிராம் பாஸ்பரஸ். எருமைப் பால் என்றால் இன்னும் கூடுதல். இரண்டாகக் குறைத்து, அளவு சிறிய டம்ளரில் குடியுங்கள். டயாலிசிஸில் உங்களுக்கு இருக்கும் தண்ணீர்க் கட்டுப்பாட்டுக்கும் அது உதவும். கருவாடு உப்பாலும் கெடுதல், பாஸ்பரஸாலும் கெடுதல்.

வைட்டமின் டி போதாதா என்று கேட்டீர்கள். சாதாரண வைட்டமின் டி உங்கள் நிலையில் இந்த எண்ணைக் குறைக்காது, ஆலை நின்றுவிட்டது. ஆலை இல்லாமலே அரிசியாக வரும் கால்சிட்ரியால் குறைக்கும். ஆனால் அது குடலிலிருந்து கால்சியத்தோடு பாஸ்பரஸையும் இழுத்து ஏற்றும், 7.1-இல் அதைக் கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போலாகும். உங்கள் மருத்துவர் அதைத் தவிர்த்துச் சினாகால்செட் எழுதியதன் காரணம் எனக்கு விளங்குகிறது. பாராதைராய்டு சுரப்பியில் கால்சியத்தை உணரும் ஏற்பியைக் கூர்மையாக்கி, இருக்கும் கால்சியமே போதும் என்று அதை நம்பவைப்பது இந்த மருந்து. கால்சியம் குறையக்கூடும், ஆகவே தொடங்கிய ஒரு வாரத்துக்குள் கால்சியம் பார்க்க வேண்டும். வாயைச் சுற்றி மரத்துப்போனாலோ கை விரல்கள் இழுத்துக்கொண்டாலோ உடனே சொல்ல வேண்டும். குமட்டல் வரும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும்.

டயாலிசிஸ் செய்பவருக்கு இயல்பின் மேல் எல்லையைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை இந்த ஹார்மோன் இருக்கலாம் என்பது கணக்கு. மேல் எல்லை 65 என்று கொண்டால் 130 முதல் 585 வரை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் கைமீறவில்லை. மருந்துகளைச் சரியாக எடுத்தும் ஹார்மோன் அடங்காமல், கால்சியமும் ஏறத் தொடங்கினால், சுரப்பிகள் பருத்துத் தன்னிச்சையாக இயங்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது அறுவை சிகிச்சையைப் பேசுவோம். மூன்றரைச் சுரப்பியை எடுப்பதும், எல்லாவற்றையும் எடுத்து ஒரு துணுக்கை முன்கைத் தசையில் பதித்து வைப்பதும் வழக்கத்தில் உள்ள முறைகள். அறுவைக்குப் பிறகு பசித்த எலும்புகள் கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும் என்பதால் சில நாள் மருத்துவமனையில் ஊசி வழியாகக் கால்சியம் கொடுத்துக் காக்க வேண்டியிருக்கும். முதலில் மூன்று மாதம் செவலமரைச் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள் ஐயா.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. சிறுநீரக நோய்க்காக இரண்டு வருடத்துக்கு முன் கால்சிட்ரியால் 0.25 எழுதிக் கொடுத்தார்கள். அப்போது பாராதைராய்டு ஹார்மோன் 210. பிறகு மருத்துவரிடம் போகவில்லை, மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்காகக் கால்சியம் மாத்திரையும் தினம் இரண்டு. வெற்றிலைப் பழக்கம் உண்டு. பதினைந்து நாளாக மலச்சிக்கல், வாந்தி, எதைக் கேட்டாலும் மாற்றிச் சொல்கிறார். கால்சியம் 11.4, ஆல்புமின் 3.2, ஹார்மோன் 12, கிரியாட்டினின் 1.9-இலிருந்து 3.1 ஆகிவிட்டது. கேழ்வரகுக் கஞ்சி குடிப்பதால் இப்படியா? — வாசகி, திருவையாறு

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே, அச்சுக்குக் காத்திராமல், தாயாரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும்படி அவருடைய எண்ணுக்குத் தெரிவித்துவிட்டோம். இதே நிலையில் வேறு வீடுகளிலும் யாராவது இருக்கக்கூடும் என்பதால் பதிலை இங்கும் எழுதுகிறேன்.

ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்திருக்கும்போது கால்சியம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆல்புமின் நான்கிலிருந்து எவ்வளவு குறைகிறதோ, அதை 0.8-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 11.4 என்பது உண்மையில் 12. மலச்சிக்கல், வாந்தி, தடுமாற்றம், கிரியாட்டினின் ஏறியது எல்லாம் அதன் விளைவு. ஹார்மோன் 12-க்கு இறங்கியது நல்ல செய்தி அன்று. சுரப்பி முற்றிலும் அடங்கிப் போனால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவிடும். அந்த எலும்பு எளிதில் முறியும்.

கேழ்வரகின் மேல் பழி போட வேண்டாம். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முப்பது கிராம் மாவு என்றால் அதில் 100 மில்லிகிராம் கால்சியம் அளவுக்கே இருக்கும். கால்சிட்ரியாலும் கால்சியம் மாத்திரையும் கண்காணிப்பு இல்லாமல் சேர்ந்ததுதான் முதற்காரணம். அதற்குத் துணைபோனது வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு. அது கால்சியம் மட்டும் அன்று, காரமும்கூட. காரம் சேர்ந்தால் சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றுவது இன்னும் குறையும். தஞ்சைச் சீமையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தாம்பூலம் போடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் மாத்திரைகளைக் கேட்பாரே தவிரச் சுண்ணாம்பைக் கேட்கமாட்டார், அவர்களும் சொல்லமாட்டார்கள். இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சாப்பிட்டால் அதுவும் கால்சியத்தை ஏற்றும்.

கால்சிட்ரியால் சாப்பிடுகிற எவரும் தொடங்கிய முதல் மாதங்களில் மாதம் ஒரு முறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கால்சியமும் பாஸ்பரஸும் பார்த்தே ஆக வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை அது. இந்த அறிகுறிகள் இருந்தால் கால்சியம், கால்சிட்ரியால், வைட்டமின் டி, சுண்ணாம்பு நான்கையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கூடவே வெற்றிலைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வையுங்கள்.